நூற்றுப் பதினெட்டாம் டோக்கன்

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து நாற்பதுக்கு, செத்துப்போன கோதண்டம் மறுபடியும் 'மிக்க மகிழ்ச்சி' என்று பதில் சொன்னார்.

தாட்சாயிணி லேப்டாப்பை வெறித்துப் பார்த்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் உதிரிபாகம் செய்யும் இந்தக் கம்பெனியில், தொழிலாளர்கள் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று அளக்க வந்தவள் அவள். அதற்காக கேட் அருகே சுவரில் ஒரு கருவி. வேலை முடிந்து போகிறவர்கள் டோக்கன் கார்டைக் காட்டி, அழுமூஞ்சி முதல் சிரித்த மூஞ்சி வரை ஐந்தில் ஒன்றை அழுத்த வேண்டும். அவ்வளவுதான்.

முதல் வாரமே விஜி என்ற பெண் அழுமூஞ்சியை அழுத்திவிட்டாள். பர்சனல் ஆபீஸ் அவளை மூன்று தடவை கூப்பிட்டுக் குடைந்தெடுத்தது. அன்றிலிருந்து எல்லாருக்கும் நடு மூஞ்சிதான். சிரித்தால் மட்டும் விடுவார்களா... வேலை போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் இரண்டு மெஷினைத் தலையில் கட்டுவார்கள்!

ஆக, கம்பெனியிலேயே சந்தோஷமான ஒரே ஆள், தை மாதம் மாரடைப்பில் போய்ச்சேர்ந்த கோதண்டம். டோக்கன் நூற்றுப் பதினெட்டு. இறந்தவரின் கார்டை ஒரு வருஷம் அவருடைய மெஷினிலேயே மாட்டிப் பூ வைப்பது அங்கே வழக்கம். ஆபீஸும் அந்தக் கார்டை ரத்து செய்ய மறந்திருந்தது.

"செவ்வா, வெள்ளி பாத்து வர்து மேடம்," என்றார் செக்யூரிட்டி தினகரன், குரலைத் தாழ்த்தி. "நல்லதுக்கில்ல. நீங்க இருட்றதுக்குள்ள ஊட்டுக்குப் பூடுங்க."

மேனேஜருக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை. "எவனோ விளையாடறான். வெள்ளிக்கிழமை ரிப்போர்ட்ல அவன் பேரை எழுதிடுங்க. அன்னைக்கே சீட்டைக் கிழிச்சிடறேன்."

எழுதத்தான் வேண்டும். இதுவரை ஒரு அறிக்கையிலும் அவள் பொய் எழுதியதில்லை.

வெள்ளிக்கிழமை... கார்த்திகை மாத மழை தகரக் கூரையை விடாமல் தட்டிக்கொண்டிருந்தது. ஷிப்ட் முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள். பிரஸ் மெஷின்கள் வாயைத் திறந்தபடி வரிசையாக நின்றன. கருவிக்குப் பக்கத்திலிருந்த தண்ணீர் கேன் அடுக்குக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள் தாட்சாயிணி.

ஐந்து நாற்பது.

ஷெட்டின் கோடியிலிருந்து ஓர் உருவம் வந்தது. காலடிச் சத்தமே இல்லை. கையில் கார்டு. அதில் வாடிய சாமந்தி. கருவியை நோக்கிக் கை நீண்டது...

பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள். கை சூடாக இருந்தது.

"ஐயோ! மேடமா? உசுரே பூட்ச்சு!"

ஜெகன்! மெயின்டெனன்ஸ் எலக்ட்ரீஷியன். மூன்று மாதத்துக்கு முன் இந்தக் கருவியைச் சுவரில் மாட்டியவன். அந்த ஒரு மணி நேரமும் அவளை விடாமல் சிரிக்கவைத்துவிட்டு, மறுநாளிலிருந்து தலைநிமிராமல் போகிறவன். மழைத்துளி தங்கிய அதே கண்கள்... கடவுளே, இவனாகவா இருக்க வேண்டும்?

"செத்தவர் பேர்ல என்ன விளையாட்டு இது? என் மூணு மாச உழைப்பே பொய்யாப் போச்சு!"

"மத்தவங்க அமுக்குனதுதான் மேடம் பொய்யி. இது ஒண்ணுதான் நெசம். என் கார்டுல அமுக்குனா கூப்ட்டு நோண்டுவாங்க. அண்ணாத்தேவ யாரு கூப்ட முடியும்?"

"அப்படி என்ன பெரிய சந்தோஷம் உங்களுக்கு? அதுவும் செவ்வாய், வெள்ளி மட்டும்..."

பாதியில் நின்றுவிட்டாள். செவ்வாயும் வெள்ளியும் அவள் இங்கே வரும் நாட்கள்! இது தெரியாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாளே, மக்கு...

ஜெகன் தரையைப் பார்த்தான். "நீங்க பெரிய படிப்பு. நான் ஐடிஐ. வுடுங்க மேடம்."

"உங்க பேரை எழுதினா வேலை போயிடும். தெரியுமா?"

"எழுதிக்கோங்க. யார்கிட்டயும் போய் கெஞ்சமாட்டேன்." கார்டை அவள் கையில் திணித்துவிட்டுத் திரும்பினான்.

இவளுக்கும் ரோஷம் வந்தது. போகட்டுமே... ஆனால் கால் ஏன் அவன் பின்னாலேயே போகிறது?

அப்போதுதான் கரண்ட் போனது. கும்மிருட்டு. மழைச் சத்தம் மட்டும்.

டிங்...

சுவரில் கருவி தானாக விழித்துக்கொண்டது. பச்சை வெளிச்சத்தில் எண் தெரிந்தது. நூற்றுப் பதினெட்டு. அந்தக் கார்டோ அவள் கைக்குள் இருந்தது! கருவியின் முன்னால் யாருமே இல்லை. சிரித்த மூஞ்சிப் பொத்தான் மட்டும் மெதுவாக உள்ளே அமுங்கியது... யாரோ நிதானமாக விரல் வைத்து அழுத்துவது போல.

ஜெகன் ஒரே எட்டில் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணாத்தே! சொல்லிட்றேன்... சொல்லிட்றேன்! மேடம், எனக்கு உங்கள ரொம்பப் புடிச்சிகீது! நீங்க வர அன்னிக்குதான் இந்தக் கம்பெனில எனக்கு மூச்சே வர்து!"

வெளிச்சம் அணைந்தது. எங்கோ சாமந்தி மணத்தது.

பயத்தில் பல் தந்தியடித்தது தாட்சாயிணிக்கு. ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது.

"அறிக்கையில யார் பேரை எழுதறதுன்னு தெரிஞ்சுபோச்சு," என்றாள். "அழுத்தினதைக் கண்ணால பார்த்தேனே. கோதண்டம்னு எழுதிடறேன். முடிஞ்சா மேனேஜர் அவர் சீட்டைக் கிழிக்கட்டும்."

"அப்போ... நான் சொன்னதுக்கு?"

"முதல்ல கையை விடாம என்னை வெளியே கூட்டிட்டுப் போங்க." இருட்டில் அவன் விரல்களை இறுக்கிக்கொண்டாள். "வர்ற நாளெல்லாம் டீ டைம்ல யாரைத் தேடிட்டிருந்தேன்னு நினைச்சீங்க, ஜெகன்?"