ஃபிரிட்ஜுக்குள் வைத்த சாவி

போர்வை கட்டிய அறையில் கைதட்டினால் சத்தம் அங்கேயே செத்துப்போக வேண்டும். அக்கா தட்டியது ஒரு தடவை. ஹெட்போனில் கேட்டது இரண்டு.

இரண்டாவது தட்டு கொஞ்சம் தாமதமாக, பழகிப் பார்ப்பதைப் போலத் தயங்கி வந்தது. ஹெட்போன் ஒயர் ஏதாவது உரசியிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் மறுபடி தட்டிப் பார்க்கவில்லை.

தம்பி எடுக்கும் குறும்படத்துக்கு எழுத்து, இயக்கம், கேமரா, டீ வாங்கி வருவது எல்லாம் அவனே. ஒலிப்பதிவு மட்டும் அக்கா. போன படத்தில் பக்கத்து அறை ஃபிரிட்ஜின் முனகலை அவள் கவனிக்காமல் விட்டதில் பாதி வசனம் குப்பைக்குப் போனது. "அக்காவுக்குக் காது இருக்கிறதே கம்மல் போடத்தான்" என்று வீட்டில் எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரித்தான். அவளும் சிரித்துவைத்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் முள்ளாக உறுத்தியது.

அதனால் இந்தக் காலி வாடகை வீட்டுக்குள் காலையில் நுழைந்ததும் முதல் வேலையாக ஃபிரிட்ஜை அணைத்து, வேன் சாவியை அதற்குள் வைத்தாள். கிளம்பும்போது சாவிக்காகத் திறந்தே ஆக வேண்டும். மறுபடி போட மறக்க முடியாது. பிறகு மின்விசிறி, கடிகாரம், இரையும் டியூப்லைட் என்று ஒவ்வொன்றாக வாயடைத்தாள். உள்ளறைச் சுவர்களுக்கு இரட்டைப் போர்வை, கதவுக்கு வெளியே மெத்தை. நடிகர்கள் மதியமே போய்விட்டார்கள். தம்பியின் பின்னணிக் குரல் மட்டும்தான் பாக்கி. சட்டையில் ஒயர்லெஸ் மைக்கைக் குத்திக்கொண்டு அந்த இருட்டில் அவன் உட்கார்ந்தான். வெளியே ரிக்கார்டரோடு அவள்.

வசனம் நன்றாகவே வந்தது. கடைசியில், வெட்டும் இடங்களில் ஒட்டுப்போடுவதற்காக அறையின் வெறும் அமைதியை ஒரு நிமிடம் பதிவு செய்வது வழக்கம். தம்பி அசையாமல் இருந்தான். சளி பிடித்த அவன் மூச்சில் ஒரு சின்ன விசில். அதற்கு அடியில், அதைவிட நிதானமாக, இன்னொரு மூச்சு.

தன்னுடையதுதானோ என்று அவள் மூச்சை அடக்கினாள். அது நிற்கவில்லை.

சொன்னால் கம்மல் கதை மறுபடி கிளம்பும். அந்த ஒரு நிமிடத்தையும் முழுசாக ஓடவிட்டுத்தான் எழுந்து, மெத்தையை நகர்த்திக் கதவைத் திறந்தாள்.

"போதும்டா, வெளிய வா. உள்ள வேற ஏதோ கேக்குது."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே. கம்மலைக் கழட்டிட்டுக் கேளு. இன்னொரு டேக் போயிடறேன், நீ போய் சாவிய எடு."

கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கலாம். ரோஷம் வந்துவிட்டது. கதவைச் சாத்தி, மெத்தையை மறுபடி முட்டுக்கொடுத்துவிட்டுச் சமையலறைக்கு நடந்தாள். பழக்கதோஷம், ரிக்கார்டர் தோளிலேயே தொங்கியது, ஹெட்போன் காதிலேயே இருந்தது.

சமையலறையில் வெயில் அடித்தது. பனிக்கட்டி உருகி ஃபிரிட்ஜின் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. திறந்தாள். ஈரப் புழுக்க வாடை. காலித் தட்டுகள்.

சாவி இல்லை.

ஹெட்போனில் சாவிக்கொத்து குலுங்கியது. மைக்குக்குப் பக்கத்தில்.

"வந்துட்டியாக்கா?" தம்பியின் குரல். "கதவு திறந்ததே தெரியலை."

குனிந்து பார்த்தாள். தரையில் தண்ணீர்ச் சொட்டுகள். ஃபிரிட்ஜிலிருந்து கூடத்துக்கு. கூடத்திலிருந்து உள்ளறைக்கு. மெத்தைக்கு அடியில் நுழைந்து.

"டேய், அது நான் இல்லடா!"

அவள் கத்தல் மொட்டைச் சுவர்களில் மோதித் திரும்பியது. ஹெட்போனில் அதில் ஒரு துளிகூட விழவில்லை. எந்தச் சத்தமும் உள்ளே போகாதபடி அவள்தான் கட்டியிருந்தாள். பார்த்துப் பார்த்து.

"ஏன்க்கா கை இவ்வளவு ஈரமா இருக்கு?"

ஓடினாள். மெத்தையை இழுத்துப் போட்டாள். கதவு அசையவில்லை. தோளால் இடித்தாள். கைப்பிடி வழுக்கியது. ஈரம்.

ஹெட்போனில் ஒரே ஒரு கைத்தட்டல்.

பிறகு அமைதி. காலையிலிருந்து அவள் தேடிய, ஓர் இரைச்சலும் இல்லாத, சுத்தமான அமைதி. கதவில் நெற்றியை வைத்தபடி அந்த விசிலுக்காகக் காத்திருந்தாள்.

மூச்சு கேட்டது. ஒன்றே ஒன்று. நிதானமாக. அதில் விசில் இல்லை.