திருமலையின் விசில்

“கெழவிய அவுத்து உடுங்க சார்.”

இதை மட்டும் ரேஞ்சரிடம் கேட்டுவிடாதே என்று ஃபாரஸ்ட் கார்டு சம்பத் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். டெபோரா கேட்டுவிட்டாள்.

கரண்ட் போய் அரைமணி ஆகியிருந்தது. ரேஞ்சர் புருஷோத்தமன் எமர்ஜென்சி லைட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, “நீ கணக்கெடுக்க வந்த பொண்ணு. கணக்கெடு. டிகிரி வாங்கினா ஆனைக்கு வக்கீலா?” என்றார்.

“திருப்பதில மூணு வருஷம் படிச்சிட்டு ஆனை லத்தி அள்ளிக்கினு இருக்கேன் சார். எங்க ஊட்ல மொத டிகிரி. அதுக்காச்சும் ஒருவாட்டி காது குடுங்க.”

அலுவலகத்துக்குப் பின்னால், மாந்தோப்பின் ஓரத்தில், மரக்கூண்டுக்குள் கிழவி நின்றிருந்தாள். காது கிழிந்த, அறுபது வயதுப் பெண் யானை. கூட்டத்தைத் தக்காளித் தோட்டங்களுக்குக் கூட்டி வருகிறாள் என்று மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். எந்தக் குட்டையில் தண்ணீர், எந்த வேலியில் கரண்ட், மனிதன் எதிரே வந்தால் எப்படி ஒதுங்குவது என்று அந்தக் கூட்டத்துக்குத் தெரிந்ததெல்லாம் அவள் கற்றுக்கொடுத்தது. அவள் போனபின் இளசுகள் மனிதர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டன.

யானை போய்விட்டால் டிராக்கர் திருமலை விசிலடிப்பான். குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று. அதைக் கேட்டதும் காவலுக்கு இருப்பவர்கள் பரணை விட்டு இறங்குவார்கள், கதவுகள் திறக்கும். யாரும் யோசிப்பதில்லை. கால் தானாக எழும். போன மாதம் அப்படி இறங்கிய இரண்டு பேர் செத்தார்கள். நான் விசிலே அடிக்கவில்லை என்று திருமலை கோயில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தான். முந்தாநாள், தன்னைப் போல் விசிலடிப்பது யாரென்று பார்க்கப் போனான். கூடையில்தான் அள்ளி வந்தார்கள். டெபோரா கூடை பிடித்தாள். புத்தூர்க் கட்டுப் போட ஒரு முழு எலும்பு அதில் இல்லை.

செல்போனை மேசைமேல் வைத்து ஓடவிட்டாள். குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று. முடிவில் ஸ்ஸ்ஸ் என்று காற்று கசிந்தது. திருமலைக்கு முன்பல் ஒன்று கிடையாது.

“அவன் விசில்தான்,” என்றார் சம்பத். “அதுக்கின்னா?”

“இன்னிக்கி காலீல பதிவானது அண்ணே.”

மழை நின்ற மாந்தோப்பிலிருந்து ஈர இலையின் மணமும், அதற்குள்ளிருந்து வேறொரு காரமான, சூடான உடம்பின் வாடையும் ஜன்னல் கம்பி வழியாக மெல்ல உள்ளே வந்தன.

“ஏதாச்சும் குருவியா இருக்கும்,” என்றார் ரேஞ்சர்.

“எங்கண்ணன் இஸ்ரேல் ஏரிக்கரைப் பரண்ல குந்திக்கினு இருக்கான் சார். அங்க டவர் இல்ல. விசில் கேட்டா எறங்கிடுவான். கெழவி வந்தா அதுங்க அவ சொல்லுக்கு அடங்கும்.”

“மேல இருக்கறவங்களுக்கு நான் இன்னான்னு எழுதறது?”

வெளியே கத்திக்கொண்டிருந்த தவளைகள் நிறுத்தின. ஒன்றுகூட மிச்சமில்லாமல், எல்லாம் ஒரே சமயத்தில்.

வாசலில் விசில் கேட்டது.

இரண்டு. ஒன்று. ஸ்ஸ்ஸ்.

சம்பத்தின் முகம் தளர்ந்தது. “ஆனை பூட்ச்சி சார்,” என்றார். இருபது வருடப் பழக்கம். மண்டைக்கு எட்டும் முன்பே கை தாழ்ப்பாளை விலக்கிவிட்டது. டெபோரா பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்தாள். பொத்தான் ஒன்று கையோடு வந்தது.

இருட்டு அசைந்தது. அவரைத் தூக்கியது.

தூணில் ஒரு அடி. மறுபடி. ஈர விறகு முறிகிற சத்தம். சூடான துளிகள் அவள் கன்னத்தில், விளக்கில், கையெழுத்துப் போட்ட காகிதங்களில். கீழே போட்டது. முழங்காலை மடித்து மேலே அழுத்தியது. அவசரப்படாமல்.

“கதவ சாத்து,” என்றது மேசைக்கடியிலிருந்து ரேஞ்சரின் குரல். “சாத்தும்மா.”

அவள் ஆணியில் மாட்டியிருந்த கூண்டுச் சாவியை எடுத்தாள். கேட்கும்போதே முடிவாகியிருந்தது, இல்லையென்று சொன்னாலும் திறப்பதென்று.

திரும்பும்போது பார்த்தாள். சம்பத்தாக இருந்ததன் பக்கத்தில் ஒரு குட்டி. தும்பிக்கை நுனியை வாய்க்குள் மடித்து ஊதியது. இரண்டு வந்தது. நீளமானது உடைந்தது. ரத்தம் வழியும் முழங்காலோடு பெரியது குனிந்து, பொறுமையாக, ஒருமுறை ஊதிக் காட்டியது.

பின்கதவைத் திறந்தாள். தூரத்தில், கத்தினாலும் எட்டாத, விசில் மட்டுமே எட்டுகிற ஏரிக்கரையில், இஸ்ரேலின் டார்ச் பாதி மரத்தில் நின்றிருந்தது. இறங்கலாமா என்று யோசிக்கிற மாதிரி. இறங்கினால் பாதை நேரே இங்கேதான்.

முதுகுக்குப் பின்னால் குட்டி மறுபடி ஊதியது. இரண்டு. ஒன்று.

ஸ்ஸ்ஸ். இந்தத் தடவை பல்லில்லாத ஓட்டைகூடச் சரியாக வந்தது.

டார்ச் இறங்க ஆரம்பித்தது.

டெபோரா சாவியோடு கூண்டை நோக்கி நடந்தாள்.