மாடிக்குப் போகும் சாமான்கள்

குக்கர் விசில் தலைக்கு மேலிருந்து கேட்டது. சமையலறை இருப்பதோ கீழே, அவர் படுத்திருக்கும் அறைக்கு அடுத்தாற்போல். பக்கவாதம் வந்து கைகால்கள் விழுந்த இந்த இரண்டு வருடமாகப் பருப்பு வேகும் வாசனையையும் மருமகளின் முணுமுணுப்பையும் வைத்தே பொழுதைக் கணித்துவந்தார். இன்று அந்தப் பக்கமிருந்து வந்தது ஈரச் சுண்ணாம்பு வாடையும், துறைமுகத்தில் முப்பது வருடம் கடல்மட்டம் அளந்தவர் மூக்குக்குச் சட்டென்று பிடிபட்ட உப்பு வாடையும்தான்.

மருமகள் எட்டிப் பார்த்தாள்.

"அடுப்பு எங்கம்மா போச்சு?"

"கீழ பெயின்ட் அடிக்கப் போறோம் மாமா. அதான் எல்லாத்தையும் மேல ஏத்துறோம்."

பெயின்டாம். யார் காதில் பூ சுற்றுகிறாள்? போன அமாவாசையன்று சாக்கடைக் குழாய் வழியாகக் கடல் ஏறி வந்து வீட்டுக்குள் கணுக்கால் அளவு நின்றதை அவரும்தான் பார்த்தார். மழை இல்லை, காற்று இல்லை, நல்ல வெயில். எங்கோ துருவத்தில் பனிப்பாறை உருகுகிறது என்று செய்தி வரும்போதெல்லாம், "நகம் வளர்ற வேகத்துலகூட கடல் ஏறாதுடா" என்று மகனிடம் சிரித்தவர் அவர். அந்தத் தைரியத்தில்தான் இந்த வீட்டையே கட்டினார். இப்போது துறைமுகத்தில் கடல்மட்டம் அளக்கும் அதே வேலையை மகன் பார்க்கிறான். அவன் சிரிப்பதில்லை.

காலையிலிருந்து படிக்கட்டில் எதையாவது இழுக்கும் சத்தம். தையல் மிஷின் போனது. டிவி, அரிசி டிரம், துணி மூட்டை, செருப்புகள்கூடப் போயின. மகன் அவர் முகத்தைப் பார்க்காமலே வந்து வந்து தூக்கிக்கொண்டு போனான்.

"என்னை எப்படா தூக்குவ?"

"கடைசியா தூக்குறேன்பா. பேசாம படுங்க."

பெற்ற பிள்ளையைச் சந்தேகப்பட வெட்கமாக இருந்தது. பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

ஒரு வாரமாக எதிர்ச்சுவரில் மகன் சாத்தி வைத்திருந்த மடக்கு மேசை மட்டும் மிச்சம். மத்தியானம் அதையும் எடுத்துப் போனான். மேலே கதவு மூடியது. தாழ்ப்பாள்.

"டேய்."

மேலே யாரோ நடந்தார்கள். நின்றார்கள்.

குளியலறையில் சாக்கடைத் துவாரம் களகளவென்று கொப்பளித்தது. கட்டிலுக்கடியில் ஏதோ சில்லென்று நகர்ந்தது.

மேசை மறைத்திருந்த சுவரில் பென்சில் கோடுகள். பக்கத்தில் தேதி. மகனின் கையெழுத்து.

கணுக்கால் உயரக் கோட்டில் போன அமாவாசைத் தேதி.

அதற்கு மேல் இன்னொன்று. வெகு மேலே. சுவரிலிருந்து கட்டில்வரை மட்டம் பிடிக்க அவர் கண்ணுக்குக் கருவி வேண்டாம். அந்தக் கோடு அவர் மூக்குக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றது.

இன்றைய தேதி. மதியம் ஒன்று பத்து.

கீழே கணக்கு. இரண்டு தடவை சரிபார்த்து, மகன் டிக் போட்டிருந்தான்.