ஸ்டியரிங் இழுத்த பக்கம்

திண்டிவனம் போகும்போது இடப்பக்கம் இழுத்த ஸ்டியரிங், செஞ்சிக்குத் திரும்பி வரும்போது வலப்பக்கம் இழுத்தது. லூர்துமேரி முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு காலத்தில் பெரிய மனிதர்கள் சாய்ந்து போன நீளமான கார் அது. வயதாகிவிட்டது, நாலு கோளாறு இருக்கத்தான் செய்யும். விழுப்புரத்துப் புரோக்கர் வந்த விலைக்குத் தள்ளிவிட்டிருந்தான். அவளுக்கு வேண்டியிருந்தது அந்த அகலமான பின்சீட்டு மட்டும்தான். திண்டிவனத்தில் டயாலிசிஸ் முடிந்து துவண்டு வரும் கணவன் தோமினிக் அதில் தலையணை வைத்துச் சாய்ந்துகொள்ளலாம். பஸ்ஸில் இடிபட்டு வரும் உடம்பாக அது இப்போது இல்லை. வேன் ஓட்டிப் பிழைத்தவன். அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவன்தான்.

சிங்கவரம் சாலையில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் அரங்கநாதன் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தான். ஒரு பழுது சரியானால் இன்னொன்று வாய் பிளந்தது. கடைசியில் கையை விரித்துவிட்டான்.

"அக்கா, டை ராடு மாத்தியாச்சு. லோயர் ஆர்ம் மாத்தியாச்சு. ஸ்டியரிங் ரேக்கையும் மெட்ராஸ் புதுப்பேட்டை பழைய சாமான் கடைலேர்ந்து வாங்கியாந்து போட்டாச்சு. வண்டி வெலயவிட ரிப்பேருக்குப் போனது ஜாஸ்தி. ஒரு பக்கம் இழுத்தா வீல் அலைன்மென்ட் கோளாறுன்னு சொல்லலாம். போறப்ப ஒரு பக்கம், வர்றப்ப இன்னொரு பக்கம்னா நான் இன்னான்னு பாக்கறது?"

முன்சக்கரங்கள் இரண்டும் ஜாக்கியில் அந்தரத்தில் நின்றன. இஞ்சின் அணைந்திருந்தது, சாவி அவள் கையில் இருந்தது. அப்போது, யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டதற்குத் தலை திருப்புவதுபோல, சக்கரங்கள் இரண்டும் மெல்லக் கிழக்கே திரும்பின.

அரங்கநாதன் நேராக்கிவிட்டுக் கையை எடுத்தான். மறுபடி திரும்பின.

அவன் பின்கதவைத் திறந்து சீட்டைத் தூக்கினான். அடியில் வெள்ளையாக ஏதோ படிந்து இறுகிக் கிடந்தது. நகத்தால் சுரண்டி விரலில் தேய்த்தான்.

"தண்ணியில கெடந்த வண்டிக்கா இது."

"வெள்ளத்துலயா?"

"வெள்ளத்துல கெடந்தா சேறு இருக்கும். இது கல்லு மாவு. குவாரித் தண்ணி."

அன்று வீட்டுக்கு வந்ததும் அவளுக்கு உறைத்தது. திண்டிவனம் சாலையில் பாதி வழியில், வேலி முள் மூடிய ஒரு பாதை வடக்கே பிரிகிறது. கைவிட்ட கல்குவாரிக்குப் போகும் பாதை. போகும்போது அது இடப்பக்கம். வரும்போது வலப்பக்கம். அந்த இடத்தை நெருங்கும்போதுதான் ஸ்டியரிங் அவள் தோள்பட்டை விட்டுப்போகும் அளவுக்கு இழுக்கும்.

இனி அந்த வண்டியைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தாள். ஆனால் அடுத்த டயாலிசிஸ் நாளில், வரச் சொன்ன ஆட்டோ வரவில்லை. தோமினிக்கின் கால்கள் வீங்கிப் பளபளத்தன. மூச்சு இழுத்து இழுத்து வந்தது.

"வண்டிய எடு மேரி. நெஞ்ச அடைக்குது" என்றான்.

எடுத்தாள். போகும்போது இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து எப்படியோ கடந்துவிட்டாள்.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. பொழுது சாய்ந்து சாலை ஓரத்துக் கரும்பும் மணிலாக் கடலைக் கொல்லையும் ஒரே கறுப்பாகக் கலந்துவிட்டிருந்தன. வைப்பர் கண்ணாடியை வழித்துவிட்டு முனகிக்கொண்டு திரும்பும் ஓசை, ஏசி துவாரத்திலிருந்து வந்த ஈரக் கல்லின் வாடை, பின்சீட்டில் தோமினிக்கின் கரகரத்த மூச்சு, எல்லாம் ஒன்றோடொன்று கலந்து அவள் பிடரியில் வந்து உட்கார்ந்தன. எதிரே ஒரு லாரி வெளிச்சத்தை வாரியிறைத்துவிட்டுப் போனது. அதன்பின் வேறு வண்டியே வரவில்லை.

வேலி முள் மூடிய பாதை தெரிந்தது.

பிடித்தாள். ஸ்டியரிங் அவள் உள்ளங்கையை உரித்துக்கொண்டு சுழன்றது. பிரேக்கை மிதித்தாள். பெடல் தரைவரை இறங்கியது, எதையும் பிடிக்கவில்லை. முட்கள் கதவைக் கீறின. சரளைக் கற்கள் அடியில் தெறித்தன. "மாதாவே, மாதாவே" என்று அவள் வாய் தானாக முனகியது.

வண்டி நின்றது.

இஞ்சினும் அணைந்தது. முகப்பு விளக்குக்கு நேர் எதிரே தரை இல்லை. வெட்டிய பாறைச் சுவர்களுக்கு நடுவே, மழை விழுந்தும் அசையாத வெள்ளைத் தண்ணீர்.

சாவியைத் திருகினாள். ஒன்றும் இல்லை. மறுபடி திருகினாள்.

வலப்பக்கப் பின்கதவு திறந்தது. மழைச் சத்தம் உள்ளே வந்தது. குளிர் வந்தது. வண்டியின் பின்புறம் ஒரு முறை அமுங்கியது. சற்றுப் பொறுத்து, கொஞ்சமாக, இன்னொரு முறை அமுங்கியது. கதவு சாத்திக்கொண்டது.

"எடம் இருக்குதுங்க" என்றான் தோமினிக். தெரியாதவர்களிடம் அவன் பேசும் பணிவான குரல். "நான் தள்ளிக்கறேன்."

"என்னாங்க… யாருகிட்ட பேசறீங்க?"

"கேக்கறாங்கல்ல மேரி. எவ்ளோ நேரமா நின்னாங்களோ." பிறகு குரலைத் தாழ்த்தி, "கொழந்த நடுவுல உக்காரட்டும்" என்றான்.

டக்.

டக்.

இஞ்சின் தானாக உறுமி எழுந்தது.

அவள் பின்சீட்டைக் காட்டும் கண்ணாடியைப் பார்க்கவில்லை. கையை உயர்த்தி அதை வண்டிக் கூரையைப் பார்க்கத் திருப்பிவிட்டாள். ரிவர்ஸ் எடுத்தாள். சாலையில் ஏறியதும் ஸ்டியரிங் எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. இத்தனை நாளில் வண்டி முதன்முறையாக நூல் பிடித்தாற்போல ஓடியது. பிரேக் பிடித்தது. பின்பாரம் தாழ்ந்து, டயருக்குப் பின்னால் தொங்கும் மட்ஃபிளாப் மட்டும் ரோட்டில் உரசிக்கொண்டே வந்தது. தோமினிக்கின் கரகரப்பு கொஞ்ச தூரம் கேட்டது. பிறகு வேறொரு மூச்சு. மெதுவானது. நீர் கோத்தது. அதற்கு மேல் சின்னதாக இன்னொன்று.

"என்னாங்க."

அவள் குரலை உயர்த்தினாள்.

"என்னாங்க, பேசுங்களேன்."

ராஜகிரி மலை மழைக்குள் கறுப்பாக எழுந்தது. பஸ் ஸ்டாண்டு விளக்குகள், பரோட்டாக் கல்லின் தாளம், குடை பிடித்த மனிதர்கள். எங்கேயாவது நிறுத்திக் கத்தலாம் என்று நினைத்தாள். கால் பிரேக்குக்குப் போகவில்லை, வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. வீட்டு வாசலில்தான் அது நின்றது.

இறங்கினாள். பின்பக்கம் சுற்றி வந்தாள். கைப்பிடி பனிக்கட்டியாகச் சில்லிட்டது. திறந்தாள்.

உள்விளக்கு எரிந்தது. தோமினிக் இடது ஓரத்தில் கதவோடு ஒடுங்கி, தலையணையை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் மேல் ஒரு துளி ஈரமில்லை. மிச்ச சீட்டு முழுக்க நனைந்து, வெள்ளைத் தண்ணீர் விளிம்பில் சொட்டிக்கொண்டிருந்தது. அங்கே யாரும் இல்லை. ஆனால் வலது ஓரத்து சீட் பெல்ட்டும் நடுவிலுள்ள பெல்ட்டும் இழுத்து மாட்டப்பட்டு, எதையோ சுற்றிப் புடைத்து விறைத்து நின்றன.

வலது ஓரத்துப் பெல்ட் மெல்ல ஏறி இறங்கியது. நடுவில் இருந்தது சற்று வேகமாக ஏறி இறங்கியது.

தோமினிக்கின் நெஞ்சின் மேல் கிடந்த பெல்ட் அசையவே இல்லை.