போர்ச்சுகல் பார்த்த ஊசி

டிரிங்... டிரிங்...!

மதிய பிரியாணி மயக்கத்தில் ஆம்பூர் போலீஸ் ஸ்டேஷனே கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் சோபனா ரிசீவரை எடுத்தாள்.

"மேடம்... எங்க அம்மாவைக் கொல்லப் போறாங்க!"

இளம்பெண்ணின் குரல். நடுங்கியது.

"யாரும்மா நீ? எங்கேர்ந்து பேசுற?"

"பூங்குழலி மேடம். போர்ச்சுகல்லேர்ந்து!"

சோபனா ரிசீவரை ஒரு முறை முறைத்தாள். ஆம்பூரில் கொலை... போர்ச்சுகல்லில் சாட்சி! யாராவது விளையாடுகிறார்களா?

"வேலூர்ல இன்ஜினியரிங் படிக்கிறேன். எக்ஸ்சேஞ்ச்ல ஒரு செமஸ்டர் மட்டும் இங்க அனுப்பியிருக்காங்க. இப்பதான் அம்மா வீடியோ கால் பண்ணாங்க. உடம்பு முடியலை, டிரிப்ஸ் ஏத்துறாங்க, படிப்பை விட்டுட்டு வந்துடுன்னு ஒரே அழுகை. மாமா மெட்ராஸ் போய்ட்டாரு, தனியா கெடக்கிறேன்னாங்க..."

"சரி, அதுக்கு?"

"அம்மாவுக்குக் கால் கட் பண்ணத் தெரியாது மேடம்! போனை அப்படியே சொம்புல சாய்ச்சு வெச்சுட்டாங்க. என் லேப்டாப்ல இன்னும் எல்லாம் தெரியுது. மெட்ராஸ் போன மாமா... ரூமுக்குள்ள வர்றாரு! பாக்கெட்லேர்ந்து ஏதோ மருந்தை எடுத்து, அம்மாவுக்குத் தெரியாம டிரிப்ஸ் பாட்டில்ல ஏத்துறாரு!"

சோபனா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நீ கத்தலையா?"

"மியூட்ல இருக்கேன். என் கேமராவும் ஆஃப். நான் பாக்கிறது தெரிஞ்சா போனை உடைச்சுடுவாரு. அப்புறம் அம்மாவை யாரு பாக்கிறது? அதான் ஃப்ரெண்டு போன்லேர்ந்து பேசுறேன்... அய்யோ, ஊசி குத்த அம்மா கையில நரம்பு தேடுறாரு! சீக்கிரம் போங்க மேடம்!"

"அட்ரஸ் சொல்லு!"

ஜீப் பறந்தது. வழியெல்லாம் தோல் பதனிடும் ஷெட்டுகளின் வாடை. ஏட்டு இருதயராஜ் நம்பவே இல்லை.

"பேஜார் புடிச்ச கேஸு மேடம். அந்தப் பொண்ணு இன்னாவோ ஒளறுது."

"ஒளறியிருந்தா மன்னிச்சுக்கலாம். அந்தம்மா செத்துட்டா இன்னா பண்றது?"

இருதயராஜ் ஆக்ஸிலேட்டரை மிதித்தார்.

பைபாஸ் ஓரத்து வீடு. கதவைத் திறந்தவன் தனகோடி. பூங்குழலியின் தாய்மாமன். ஷூ கம்பெனியில் முதலுதவி அறையைப் பார்த்துக்கொள்பவன். சிரித்த முகம். அநியாயத்துக்குச் சிரித்த முகம்!

"நீங்க மெட்ராஸ் போகலையா?" என்றாள் சோபனா.

சிரிப்பு சட்டென்று அணைந்தது.

"போ... போகலை மேடம். அக்காவுக்கு முடியலை."

உள்ளே கட்டிலில் பூங்குழலியின் அம்மா கெங்கம்மாள். கையில் ஊசி. தலைக்கு மேலே பாட்டில். குழாயின் சக்கரத்தை இன்னும் திருப்பவில்லை. ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. நல்லவேளை!

"இன்னாம்மா உடம்புக்கு?"

கெங்கம்மாள் தம்பியைப் பார்த்தாள். தம்பி தரையைப் பார்த்தான்.

பொய்! இருவர் முகத்திலும் பொய்!

"உண்மையைச் சொல்லும்மா!"

கெங்கம்மாள் பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

"பொண்ணுகிட்ட சொல்லிடாதீங்க மேடம்! எனக்கு ஒண்ணுமில்ல, கல்லு மாதிரி இருக்கேன். விட்டா அவ அங்கயே தங்கிடுவான்னு தம்பி சொன்னான். பயந்துட்டேன். முடியலைன்னு ஆக்ட் குடுத்தா ஓடியாந்துடுவா, தான் மெட்ராஸ் போய்ட்டதா சொல்லச் சொன்னான். அவன் இங்க இருந்தா, மாமா பாத்துக்குவாருன்னு அவ வரமாட்டாளே!"

"அப்ப இந்த ஊசி?"

"அது நெசம் மேடம். குளுக்கோஸ் ஏத்துனா தெம்புன்னான். கம்பெனில நின்னுக்கினே வேலை. கால் வலி ஜாஸ்தி..."

இருதயராஜ் சிரித்துவிட்டார். "பாத்தீங்களா மேடம்? குடும்ப டிராமா!"

தனகோடிக்கும் சிரிப்பு திரும்பி வந்தது. "அவ்ளோதான் மேடம். டீ சாப்பிடுறீங்களா?" என்றபடியே சக்கரத்தின் மேல் கை வைத்தான்.

"கையை எடு!"

"வெறும் குளுக்கோஸ் மேடம்..."

"உன்னைப் பார்த்தாதான் ரொம்ப டல்லா தெரியுது. இருதயராஜ்! அந்தம்மா கையிலேர்ந்து ஊசியைக் கழட்டுங்க. இந்த பாட்டிலை இவனுக்கு ஏத்துவோம்."

ஊசி கழன்றது. தனகோடி பின்வாங்கினான்.

"எனக்கு... எனக்கு எதுக்கு மேடம்?"

"தெம்புக்கு! படு!"

சுவரில் முதுகு முட்டியது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"படுடா தம்பி," என்றாள் கெங்கம்மாள் வெள்ளந்தியாக. "மேடம் சந்தேகம் தீரட்டும்."

அவன் படுக்கவில்லை. ஓடினான்!

இருதயராஜின் கால் குறுக்கே நீண்டது. தடால்! பாக்கெட்டிலிருந்து காலி மருந்துக் குப்பி ஒன்று தரையில் உருண்டது.

அந்த நேரம் பார்த்து, சொம்பருகே இருந்த போன் வாய் திறந்தது.

"அம்மா! அவரு ஆக்ட் குடுக்கலைம்மா! பாட்டில்ல கலந்ததை நான் பார்த்தேன்!"

தனகோடி பேயறைந்ததுபோல் போனைப் பார்த்தான்.

"அடப்பாவி!" கெங்கம்மாள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "கூடப் பொறந்தவடா நான்! ஏன்டா?"

"என் பையனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன்னல்ல? நீ போய்ட்டா அவளுக்கு என்னை விட்டா யாரு? அவளும் என் வீட்டுக்கு வந்திருப்பா... இந்த வீடும் வந்திருக்கும்!"

"அதுக்கு ஒரு சாட்சியும் ரெடி பண்ணியிருக்கான்," என்றாள் சோபனா. "அம்மா சீக்கா கெடந்ததைப் பொண்ணே கண்ணால பார்த்தாச்சு. செத்தா எவனுக்கு சந்தேகம் வரும்?"

கெங்கம்மாள் கட்டிலிலிருந்து எழுந்தாள். போனை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அம்மா... நான் அடுத்த ஃப்ளைட்டுல வர்றேம்மா!"

"வராதடி!" கண்ணீரோடு கத்தினாள் கெங்கம்மாள். "படிப்பை முடிச்சுட்டு வா! அங்க எவனைக் கட்டிக்கினு வந்தாலும் சரி... சொந்தத்துல மட்டும் வேணாம்!"

ஜீப்பில் ஏற்றும்போது தனகோடி முனகினான்.

"உள்ள எவ்ளோ நாளு மேடம் போடுவாங்க?"

சோபனா கதவைச் சாத்தினாள்.

"உன் அக்கா பொண்ணுக்கு ஒரே ஒரு செமஸ்டர்தான்யா. உனக்கு வேலூர்ல ஃபுல் கோர்ஸ்... ஹாஸ்டலும் சாப்பாடும் ஃப்ரீ!"