விளக்கு வைத்த வீட்டில் ஒரு ஹீற்றர்

நவம்பர் மாதத்தில் லண்டன் வானத்துக்கு ஒரே நிறம்தான். அலுமினியச் சட்டியின் அடிப்புற நிறம். அந்தச் செவ்வாய்க்கிழமை விதுஷா பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது, யாரோ அந்தச் சட்டியை அவர்கள் வசிக்கும் நோர்பரியின் மேல் கவிழ்த்து வைத்ததுபோல இருந்தது.

வீட்டுக்குள் அதைவிட இருட்டு. அப்பா கிருசாந்தன் லைற்றைக்கூடப் போடாமல் கதிரையில் இருந்தார்.

"அப்பா, இண்டைக்கு வேலை இல்லையோ?"

"இண்டைக்கு இருந்தது, குஞ்சு. நாளைக்கு இருக்குமோ தெரியாது."

அப்பாவுக்கு முன்பு தோர்ண்டன் ஹீத்தில் ஒரு கடை இருந்தது. சட்டி, கேத்தில், பல்ப், விளக்குமாறு, குடை என்று எல்லாம் தொங்கும் கடை. சனங்கள் வருவார்கள், சாமானைத் தட்டிப் பார்ப்பார்கள், விலை கேட்பார்கள். பிறகு போனைத் தட்டிப் பார்த்து, "ஊப்லாவிலை இதைவிட மலிவு, அண்ணை" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஊப்லா என்பது இணையத்தில் இருக்கிற பென்னாம்பெரிய கடை. ஊசி முதல் கட்டில் வரை விற்கும். சொல்லாமல் போனவர்களை அப்பா மன்னித்துவிட்டார். சொல்லிவிட்டுப் போனவர்களைத்தான் இன்னும் மறக்கவில்லை.

கடை பூட்டி இரண்டு வருடம். இப்போது அப்பா அதே ஊப்லாவின் பார்சல்களை வான் வண்டியில் ஏற்றி வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்.

அவர் போனை நீட்டினார். ஊப்லா செயலியில் ஒரு சிவப்புப் பெட்டி.

'பார்சல் கிடைக்கவில்லை என்று வாடிக்கையாளர் புகார் செய்துள்ளார். இது உங்களுக்கு எதிரான மூன்றாவது புகார். மாலை ஆறு மணிக்குள் தீராவிட்டால் உங்கள் வேலை நிறுத்தப்படும்.'

"நீங்கள் குடுக்கேல்லையோ, அப்பா?"

"வெள்ளிக்கிழமை நூற்றறுபது பார்சல். அந்த வீட்டிலை ஆளில்லை, பக்கத்திலை ஆரிட்டையோ குடுத்தனான். எந்த வீடெண்டு ஞாபகமில்லை. அவசரத்திலை 'வீட்டுக்காரரிடம் கொடுத்தாச்சு' எண்ட பொத்தானை அமத்திப் போட்டன்."

"ஊப்லாவிட்டை இதைச் சொல்லுங்கோவன்."

"சொல்லிப் பார்."

விதுஷா செயலியில் எழுதினாள்: 'ஒரு மனுசரோடு பேச வேண்டும்.'

பதில் உடனே வந்தது: 'அருமையான கேள்வி! பார்சலைத் திருப்பி அனுப்ப விரும்புகிறீர்களா?'

"பார்சலே இல்லை எண்டுறம். எதைத் திருப்பி அனுப்புறது?"

"காலமையிலிருந்து எனக்கும் அதுக்கும் இதுதான் கதை" என்றார் அப்பா.

அம்மா வேலைக்குப் போயிருந்தார். மேசையில் வாடகைக் கடிதம் பிரிக்காமல் கிடந்தது. விதுஷா அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை அப்பாவும் பார்த்தார். இருவரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

செயலியில் அப்பா அன்று எடுத்த படமும் இருந்தது. விதுஷா அதைப் பெரிதாக்கினாள். ஒரு மண்ணிறப் பெட்டி, ஒரு கால்மிதி. பெட்டிக்குப் பின்னால், வீட்டுக்குள்ளே, மஞ்சளாக ஏதோ ஒன்று.

"அப்பா, இது விளக்கு. எரியிற குத்துவிளக்கு!"

"நோர்பரியிலை அரைவாசி வீட்டிலை விளக்கு எரியும், பிள்ளை."

"ஒரு ரோட்டிலை எத்தினை வீட்டிலை எரியும்? வாங்கோ போவம். இருட்டினால்தானே விளக்குத் தெரியும்."

"புகார் குடுத்தவையின்ரை வீட்டுக்குப் போகக்கூடாது. ஊப்லா சட்டம்."

"பார்சல் குடுக்கப் போகேல்லை. மன்னிப்புக் கேக்கப் போறம். அதுக்குச் சட்டம் இருக்கோ?"

அப்பா யோசித்தார். இல்லைபோலத்தான் இருந்தது.

ஐந்து மணிக்கு, புகார் கொடுத்தவரின் நாற்பத்தேழாம் இலக்க வீட்டுக் கதவைத் தட்டினார்கள். திறந்தவர் கோட்டு, கம்பளித் தொப்பி, கழுத்துத்துணி, கையுறை எல்லாம் போட்டிருந்தார். எங்கோ புறப்படுகிறார் என்று விதுஷா நினைத்தாள். அவரோ வீட்டுக்குள் இருக்கத்தான் அப்படி உடுத்தியிருந்தார். பேசும்போது வாயிலிருந்து புகை வந்தது. பெயர் நவரத்தினம்.

"ஊப்லாவோ?" என்றார். "நாலு நாளா உங்கடை ரோபோவோடை கதைச்சு எனக்கு இருந்த இங்கிலிஷும் மறந்து போச்சு! வீட்டைச் சூடாக்கிற பொயிலர் பழுதாகி ஆறு நாள். திருத்திறவன் அடுத்த கிழமைதானாம். பகலிலை சூட்டுக்கு லைப்ரரியிலை போய் இருக்கிறன். குளிர் தாங்கேலாமல் ஒரு ஹீற்றருக்கு ஓடர் போட்டன். என்னட்டைக் குடுத்தாச்சாம். ஆரிட்டை? என்ரை ஆவியிட்டையோ?"

"பிழை என்ரைதான், அண்ணை" என்றார் அப்பா.

"முந்தியெண்டால் தோர்ண்டன் ஹீத்திலை ஒரு கடை இருந்தது. போன கையோடை தூக்கிக்கொண்டு வந்திருப்பன். அந்த விசரன் பூட்டிப்போட்டுப் போயிட்டான்."

அப்பா தன் சப்பாத்தைப் பார்த்தார். "அந்த விசரன் நான்தான், அண்ணை."

நவரத்தினம் தொப்பியை மேலே தள்ளிவிட்டு அவரை உற்றுப் பார்த்தார். "ஓம், நீர்தான்! உம்மட்டை வாங்கின கேத்தில் பதினொரு வருசமா வேலை செய்யுது. ஒரு கரைச்சலும் இல்லை."

"அதுதான் அண்ணை கரைச்சல். கேத்திலும் பழுதாகேல்லை, நீங்களும் திரும்பி வரேல்லை."

கிழவர் சிரிக்கப் பார்த்தார். குளிரில் பல் தந்தியடித்ததால் சிரிப்பு பாதியில் நின்றது.

விதுஷா படத்தைக் காட்டினாள். "அங்கிள், இந்த விளக்கு உங்கடையோ?"

"எங்கடை வீட்டு விளக்கு அலுமாரிக்குள்ளை கிடக்கு, பிள்ளை. மனிசி செத்த பிறகு ஆர் கொளுத்துறது?"

விதுஷா அப்பாவையும் கூட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

மழை தூறியது. நாற்பத்தைந்தில் தொலைக்காட்சியின் நீல வெளிச்சம். நாற்பத்தொன்பது இருட்டு. ஐம்பத்தொன்றில் ஒரு நாய் மட்டும் குரைத்தது. ஐம்பத்துமூன்றாம் வீட்டுக் கதவுக் கண்ணாடியில், கீழே தரையோடு ஒட்டி, ஒரு சின்ன மஞ்சள் வெளிச்சம் ஆடிக்கொண்டிருந்தது.

கதவைத் திறந்தவர் ஓர் அன்ரி, பெயர் சுசிலா. முதியோர் இல்லத்தில் வேலை. அந்தச் சீருடையோடுதான் நின்றார். அவருக்குப் பின்னால் குத்துவிளக்கு. அதற்குப் பின்னால் மண்ணிறப் பெட்டி!

"ஓம், நாற்பத்தேழின்ரை பார்சல்தான்" என்றார். "நான் ஒளிச்சு வைக்கேல்லை."

"அப்ப தாங்கோ, அன்ரி!"

"இப்ப ஏலாது. விளக்கு வைச்சாச்சு. விளக்கு வைச்ச பிறகு வீட்டிலையிருந்து ஒரு சாமானும் வெளியிலை குடுக்கமாட்டன். காலமை வாங்கோ."

அப்பா தலையில் கைவைத்தார். "அது வெள்ளி செவ்வாய்க்குத்தானே, தங்கச்சி?"

"இண்டைக்கு என்ன கிழமை?"

செவ்வாய்.

"எனக்கு எல்லா நாளும் ஒண்டுதான்" என்றார் அன்ரி. "நானும் என்ன செய்யிறது? ஊரிலையெண்டால் ஆறரைக்குத்தான் விளக்கு. இஞ்சை நாலு மணிக்கே இருட்டுது. நான் ஷிப்ட் முடிஞ்சு வரேக்கை விளக்கு வைக்கிற நேரம். ஞாயிறு மத்தியானம் போய்த் தட்டினன், அவர் இல்லை."

"பகலிலை அவர் சூட்டுக்கு லைப்ரரியிலை போய் இருக்கிறவராம்" என்றார் அப்பா, மெல்லிய குரலில்.

மணி ஐந்து இருபது. போனின் சிவப்புப் பெட்டி இப்போது மினுங்கத் தொடங்கியிருந்தது.

"அன்ரி, ஆறு மணிக்குள்ளை அவருக்குக் கிடைக்காட்டி அப்பாவின்ரை வேலை போயிடும்" என்றாள் விதுஷா.

சுசிலா அன்ரியின் முகம் சுருங்கியது. விளக்கைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். "ஐயோ பிள்ளை, எனக்கும் இந்த வீட்டிலை நல்லது நிக்கிறது பெரும்பாடு. அதை என்ரை கையாலை வெளியிலை அனுப்பச் சொல்லாதை."

அவர் பிடிவாதத்துக்குச் சொல்லவில்லை, பயத்தில்தான் சொல்கிறார் என்பது விதுஷாவுக்கு விளங்கியது. பயப்படுகிறவரிடம் வாதாடக்கூடாது. கடையில் அப்பா எப்படி வியாபாரம் பேசுவார்? மற்றவர் விடவே மாட்டேன் என்று பிடிக்கிறதை விட்டுவிட்டு, அவர் விடக்கூடியதைக் கேட்பார்.

"அன்ரி, சாமான்தானே வெளியிலை போகக்கூடாது?"

"ஓம்."

"ஆள் உள்ளுக்கு வரலாமோ?"

அன்ரி ஒருதரம் கண் இமைத்தார். "விளக்கு வைச்ச வீட்டுக்கு ஆள் வாறது நல்லதுதானே."

விதுஷா மழையில் ஓடினாள். ஓடின வேகத்திலேயே நவரத்தினம் அங்கிளைக் கையுறையோடு பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். பதின்மூன்று வருடமாக அதே தெருவில் இருந்தும் அவர் அந்தப் படியை மிதித்ததில்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு விளக்குக்கு முன்னால் கொஞ்சம் நின்றார். பிறகு பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இனிச் சொல்லுங்கோ, அங்கிள். பார்சல் உங்களிட்டையோ?"

"ஓம், என்னட்டைத்தான் இருக்கு."

"அப்ப உங்கடை போனிலை அப்பிடி அமத்துங்கோ."

அமத்தினார். அப்பாவின் போன் ஒரு சத்தம் போட்டது. சிவப்புப் பெட்டி மறைந்தது. 'புகார் மீளப்பெறப்பட்டது. இன்று எங்கள் சேவை உங்களுக்கு எவ்வளவு மகிழ்ச்சி தந்தது?'

அப்பா அந்தக் கேள்விக்குப் பதில் போடவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார். நாளைக்கும் நூற்றறுபது பார்சல் உண்டு. மழையும் உண்டு. ஆனாலும் நாளைக்கு வேலை உண்டு.

ஹீற்றர் அந்த வீட்டை விட்டு வெளியே போகவில்லை. சுசிலா அன்ரி அதன் பிளக்கை அங்கேயே சுவரில் செருகினார். கம்பிகள் சிவந்தன. நவரத்தினம் அங்கிள் ஒரு கையுறையைக் கழற்றினார். கொஞ்ச நேரத்தில் மற்றதையும் கழற்றினார். தொப்பியைக் கழற்றியபோதுதான் அவருக்குத் தலைமயிர் இல்லை என்பது விதுஷாவுக்குத் தெரிந்தது.

"நாளைக்கு எனக்குப் பின்னேர ஷிப்ட்" என்றார் அன்ரி. "விடிஞ்ச உடனை நானே கொண்டுவந்து தாறன், அண்ணை."

"இண்டைக்கு ராவுக்கு என்ரை வானுக்குள்ளை இரண்டு போர்வை கிடக்கு" என்றார் அப்பா. "சாமான் சுத்துறதுதான், ஆனால் தடிப்பு."

"போர்வைக்கு என்ன விலை?" என்று கேட்டார் அங்கிள்.

"ஊப்லாவிலை பார்த்துச் சொல்லுறன், அண்ணை."

இந்தமுறை அவருடைய சிரிப்பு பாதியில் நிற்கவில்லை.

அன்ரி ஒரு தட்டு நிறைய மரக்கறி ரோல்ஸ் கொண்டுவந்தார். வேலை முடிந்து வரும் அம்மாவுக்கென்று விதுஷா ஒன்றை மெதுவாகக் கடதாசியில் சுற்றினாள்.

"பிள்ளை!" என்றார் அன்ரி. "விளக்கு வைச்சாச்சு எண்டெல்லே சொன்னனான்?"

விதுஷா கடதாசியைப் பிரித்தாள். அன்று மாலை அந்த வீட்டிலிருந்து அவள் நான்கு ரோல்ஸை வெளியே கொண்டுபோனாள், ஒருவரும் தடுக்க முடியாத ஒரே வழியில்: வயிற்றுக்குள் வைத்து.