எச்சில் நூல்

மூடிக்கிடந்த நெசவாலையின் சாவி அண்ணியிடம் இருந்தது. காலை வெயிலோடு கதவைத் திறந்துவிட்டாள். உள்ளே எண்ணெயும் ஈரப்பஞ்சும் ஊறிய வாடை.

பின்னால் வந்த நாத்தனார், தன் எட்டு மாதக் குழந்தை கிடந்த கூடையை மேசையடியில் வைத்தாள். மூன்று கரு கலைந்தபின் தங்கிய குழந்தை.

பழைய படங்களைச் சுத்தம் செய்வது அவள் தொழில். மேசையில் நூறு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரே காட்சி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு படங்களாக. இரட்டைக் கண்ணாடிக் கருவியில் செருகிப் பார்த்தால் இரண்டும் ஒன்றாகி ஆழம் எழும்.

தண்ணீர் இப்படங்களைக் கெடுக்கும். எச்சில் கெடுக்காது. பஞ்சுக் குச்சியை நாக்கில் நனைத்துத் துடைக்க வேண்டும். துடைத்த குச்சி மறுபடி வாய்க்குப் போகக்கூடாது.

அன்று குச்சிகள் குறைவு. துடைத்ததே மறுபடி வாய்க்குப் போனது.

"நாய்கூட மோந்து பாத்துட்டுத்தான்டி நக்கும்" என்றாள் அண்ணி.

ஒரு அட்டையில் தறிக்காரி ஒருத்தி நாடாவை, தறியில் குறுக்கே ஓடும் நூல்கட்டையை, உதட்டில் வைத்திருந்தாள். நூலை அதன் துளைக்குள் இழுக்க வாயால் உறிஞ்சுவார்களாம். ஒரே நாடா பல வாய்க்குப் போகுமாம். ஒருத்தி இருமினால் வரிசையே இருமும் என்று அண்ணி சொன்னாள்.

அந்த உதட்டில் பழுப்புக் கறை. துடைத்தாள். நக்கினாள். துடைத்தாள். ஊத்தை வாயின் ருசி.

கருவியில் செருகிப் பார்த்தாள்.

நாடா உதட்டில் இல்லை. வாய் திறந்திருந்தது.

பார்த்துக்கொண்டிருந்தவளின் தொண்டையில் ஏதோ உறுத்தியது. விரலை விட்டு இழுத்தாள். நூல். கோழை பூசிய பழுப்பு நூல். முழ முழமாக வந்தது. முனையில் ஒரு சொத்தைப் பல்.

நாக்கால் தடவிப் பார்த்தாள். அவள் பற்கள் எல்லாம் இருந்தன.

"அண்ணி, இங்க வந்தப்புறம் நான் குழந்தைக்கு முத்தம் குடுத்தேனா?"

"அதத்தானே வந்ததுலேர்ந்து பண்ணிட்டிருக்கே."

கூடையில் சத்தமில்லை.

குனிந்தாள். குழந்தையின் கன்னங்கள் குழிந்திருந்தன. உதட்டிலிருந்து ஈரநூல் ஒன்று மேசைமேல் ஏறி அட்டைக்குள் போயிற்று. இறுகியிருந்தது. மறுபக்கம் யாரோ உறிஞ்சினார்கள்.

கத்தரி தேட நேரமில்லை. பல்லால் கடித்து அறுத்தாள்.

குழந்தை வீறிட்டது. அள்ளிக்கொண்டு ஓடினாள். வெளியே வந்து துப்பினாள், மறுபடி துப்பினாள். வாயின் ருசி போகவில்லை.

நூலில் பால் ருசித்தது. அவளுடைய பால்.

அட்டைகளைக் கட்டிவைக்க அண்ணிதான் உள்ளே போனாள். கருவியில் ஒருமுறை பார்த்தாள். பழுப்புக் கறை போயிருந்தது. தறிக்காரியின் கடைவாயில் வெள்ளையாக ஏதோ வழிந்திருந்தது.

படத்திலிருந்தவள் அதை இன்னும் நக்கிக்கொண்டிருந்தாள்.